பதினொன்றுக்குப் போட்டுப் பார்க்காத எண்

எந்த எண் கண்ணில் பட்டாலும் அதைக் கூறுபோட்டுப் பார்ப்பது என் வியாதி. பஸ் டிக்கெட்டோ கரண்ட் பில்லோ, ஒன்பதால் வகுபடுமா, பதினொன்றால் வகுபடுமா என்று மனம் தானாகப் போட்டுப் பார்த்துவிடும். டவுணில் கணக்கு டியூஷன் எடுக்கிறவன் நான். அந்தத் திமிரும் உண்டு.

எவனோ ஒருவன் என் தங்கைக்குப் போன் போட்டு அசிங்கமாகப் பேசிக்கொண்டிருந்தான். "கண்டபடி பேசுதாண்ணே" என்று அவள் அழுதுகொண்டே அந்தப் பத்து இலக்க எண்ணைக் காட்டினாள். அப்போதும் என் புத்தி என்னை விடவில்லை. "ஒம்பதும் வகுக்கும், பதினொண்ணும் வகுக்கும்" என்றேன். அதற்குள் எங்கள் அண்ணன் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். கண்ணாடிச் சில்லு தெறித்துத் தங்கையின் கன்னத்தைக் கிழித்தது.

"ஏலே, நம்பர் ஞாபகம் இருக்கா?" என்று கத்தினான்.

எழுதிக் கொடுத்தேன். இலக்கங்களைக் கூட்டினேன், ஐம்பத்துநான்கு வந்தது. ஒன்பதால் வகுபட்டது. "இதேதான்" என்றேன்.

"பதினொண்ணுக்கும் போட்டுப் பாருண்ணே" என்றாள் தங்கை, ரத்தம் வந்த கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

"ஏட்டி, எனக்கே சொல்லித் தாரியோ?" என்று கையை ஓங்கினேன்.

பார்சல் வந்திருப்பதாக அந்த எண்ணில் பேசி, அண்ணன் முகவரி வாங்கிவிட்டான். ரத வீதிக்குப் பின்னால் ஒரு தையல் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அண்ணன் அவர் தலைமுடியைப் பிடித்துத் தையல் மெஷினில் மோதினான். "நான் இல்லய்யா, நான் யாருக்கும் பேசல" என்று அலறினார். பொய் வேறு சொல்கிறானே என்று எனக்கு வெறி ஏறியது. மேஜையில் ஊன்றியிருந்த அவருடைய வலது கையின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓங்கிப் போட்டேன். எலும்பு நொறுங்கியது கேட்டது. அந்த நேரத்தில் அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது சொல்லக் கூசுகிறது.

சாயங்காலம் தங்கையின் சிம்மை வேறொரு போனில் போட்டதும், அசிங்கமாகப் பேசியவன் மறுபடி கூப்பிட்டான். திரையைப் பார்த்தேன். எண்ணின் நடுவில் 47. நான் எழுதிக் கொடுத்தது 74. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது, ஒன்பது இரண்டையும் வகுக்கும். பதினொன்றிடம் அந்த ஏமாற்று நடக்காது. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டி வரும் இரண்டு தொகைகளும் சமமானால் பதினொன்று வகுக்கும். சரியான எண்ணில் இருபத்தேழும் இருபத்தேழும். நான் எழுதியதில் முப்பதும் இருபத்துநான்கும். நான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம் இது.

தங்கை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆனது ஆச்சு. வெளிய மூச்சு விடாத லே" என்றான் அண்ணன்.

மறுநாள் நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல்காரர் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தார். காலைப் பிடித்தேன். நாற்பத்தேழு மாறியதை, ஒன்பதை, பதினொன்றை எல்லாம் உளறிக் கொட்டினேன்.

அவர் முழுவதையும் கேட்டார்.

"நான் இல்லன்னு அப்பவே சொன்னம்லா. அதுக்குக் கணக்கு எதுக்குவே?" என்றார்.