முடிச்சூரில் கயத்தாற்றுக் காற்று

ஆடி மாத வெள்ளிக்கிழமை, மதியம் 2.10. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூருக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். நாலு கிலோமீட்டர், இருபது ரூபாய். முந்தின நாள் காற்று பேயாட்டம் ஆடியபோது எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டது. இத்தனை காற்று இருந்தும் மின்சாரம் இல்லையா என்று எனக்கு ஒரே ஆத்திரம். ஓய்வு பெற்ற இயற்பியல் டீச்சருக்கு ஆத்திரம் வந்தால் யாரையாவது கேள்வி கேட்டே தீர வேண்டும்.

"இன்னா காத்துக்கா, பேனரெல்லாம் பறந்துகினு கீது," என்றார் ஓட்டுநர். "இங்கயே நாலு காத்தாடி நட்டா கரண்டு பில்லே வராது." எனக்கும் அதே யோசனைதான்.

2.35. வயலாக இருந்த இடத்தில் ஓர் அடுக்ககம், முதல் மாடி. என்னோடு வேலை பார்த்த டீச்சரின் மகள் ஷீபா இங்கே ஒரு சின்ன அலுவலகம் நடத்துகிறாள். ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் கயத்தாற்றில் மூன்று பேருடைய காற்றாலைகள் இருக்கின்றன. அவை எவ்வளவு மின்சாரம் தரும் என்பதைக் கால் மணிக்கு ஓர் எண்ணாக, ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு எண்கள், மின்தொகுப்பை நடத்துகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். காற்று மனம் மாறினால் இவளும் எண்ணை மாற்றி அனுப்பலாம்.

"சொன்னதை விடக் குறைஞ்சா அவங்க வேற எங்கயாவது கரண்ட் தேடணும். கூடினா நிலக்கரி யூனிட்டைக் குறைக்கணும். நினைச்ச உடனே ஏத்தி இறக்க அது என்ன கேஸ் அடுப்பா, டீச்சர்?"

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ஜன்னலை அடைத்திருந்தாள். "வெளியே என்ன காத்து தெரியுமா!" என்று ஆரம்பித்தேன்.

"போச்சு! இந்த ரூம்ல தாம்பரம் வானிலை பேசினா ஃபைன். வடை உங்க செலவு."

காரணத்தையும் சொன்னாள். இரண்டு வாரம் முன்பு இதே ஜன்னலில் தென்னைமரம் வளைவதைப் பார்த்து, தன்னை அறியாமலே கயத்தாற்று எண்ணை ஏற்றிவிட்டாளாம். அங்கே இலைகூட அசையவில்லை. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மூவரும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் அலுவலகமே இல்லை.

3.30. வடை வாங்க இறங்கினேன். திரும்பும்போது வானம் பொத்துக்கொண்டது. படியேறியபோது புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது, குடை வேறு காற்றில் தலைகீழாக மடங்கி நின்றது.

3.50. உள்ளே ஷீபாவின் முகம் சரியில்லை. திரையில் கயத்தாற்று மின்சாரத்தைக் காட்டும் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி ஏறும் என்றது கணினி. நான்கு மணிக்குள் திருத்தி அனுப்பினால்தான் ஐந்து மணியிலிருந்து செல்லும். காற்றாலைக் காவலாளி முருகன் அண்ணனைப் போனில் பிடித்தாள்.

"காத்து நின்னுட்டும்மா," என்றது ஸ்பீக்கர். "மேக்க மலை மேல கருமூட்டமா கெடக்கு. வேட்டி காயப் போட்டிருக்கேன், ஆடவே காணோம்."

ஷீபா நிமிர்ந்து என்னையும் குடையையும் பார்த்தாள். விரல் அப்படியே நின்றது. முடிச்சூர்ப் புயலை நானே உள்ளே தூக்கி வந்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"டீச்சர், கொஞ்சம் கிச்சனுக்குப் போங்களேன், ப்ளீஸ்."

ஈரத்தோடு சமையலறையில் நின்று ஆறிப்போன வடையைத் தின்றேன். எண்ணைப் பாதியாகக் குறைத்து, நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினாளாம். 5.15க்குக் கூப்பிட்டாள். நிஜக்கோடு அவள் சொன்ன கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

6.40. வீடு திரும்பினால் தெருவே இருட்டு. "இவ்ளோ காத்தடிக்குது, கரண்ட் மட்டும் இல்ல பாருங்க மிஸ்," என்றார் எதிர்வீட்டுக்காரர். நேற்று நான் சொன்னதேதான். தெருக்கோடியில் கிளை விழுந்து கம்பி அறுந்திருப்பதைக் காட்டினேன். இந்தக் காற்று வேறு, அந்தக் காற்று வேறு என்று விளக்க ஆரம்பித்தபோது போன் சிணுங்கியது. ஷீபா.

"வேட்டி ஆட ஆரம்பிச்சிருச்சாம் டீச்சர். திரும்ப மாத்தணும். இப்ப அங்க மழையான்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சொட்டுச் சொட்டாகப் பெய்துகொண்டுதான் இருந்தது. மழைச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடாமல் போனைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.