ஒரே பெயரில் இரண்டு எட்டு

ராஜகீழ்ப்பாக்கத்தில் மருந்துக்கடை மாடியில் எங்கள் சின்ன கம்பெனி. கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை புரோகிராமான கர்னலில் நாங்கள் வெறும் எண்ணாக எழுதியதற்கெல்லாம் பெயர் வைப்பது எங்களோடு இருந்த ஒரு மேடத்தின் வேலை. ஒல்லியானவர். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். அச்செடுத்த தாளில் ஒவ்வொரு எண்ணையும் வட்டமிட்டு, எழுதியவரிடம் அர்த்தம் கேட்பார்.

"இந்த எட்டும் அந்த எட்டும் ஒண்ணுதானா?" என்று ஒருநாள் கேட்டார்.

எனக்குத் தாம்பரத்தில் டிரெயினைப் பிடிக்கும் அவசரம். "ஒண்ணுதான் மேடம்" என்றேன், தாளைப் பார்க்காமலே.

உண்மையில் ஒன்று, ஒரே கம்ப்யூட்டரோடு இணைக்கும் திரைகளான டெர்மினல்களின் எண்ணிக்கை. மற்றது, ஒரு டெர்மினலின் முகவரிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. என்னை நம்பி இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தார்.

பதினாறு டெர்மினல் கேட்டு ஒரு கஸ்டமர் வந்தபோது அந்தப் பெயரின் மதிப்பைப் பதினாறாக்கினோம். இடைவெளியும் சேர்ந்து மாறியது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி டெர்மினல்கள் இருண்டு கிடந்தன.

"பேர் வெக்கிறேன்னு ஓடிட்டிருந்ததையும் கெடுத்துட்டீங்களேம்மா" என்று முதலாளி அவரைத்தான் திட்டினார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். மேடம் என்னை ஒருமுறை பார்த்தார். "சரி பண்ணிடறேன் சார்" என்றார்.

அன்றே இரண்டு எட்டுக்கும் தனித்தனிப் பெயர் வந்தது. பிறகும் என் தாள்களில் வட்டம் போட்டார். அர்த்தத்தை மட்டும் என்னிடம் கேட்காமல், மேனுவலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.