ஐயா ஜெபிக்காத அசனம்

இன்று ஒரகடம் சாலையில் ஒரு லாரிக்காரர் தார்ப்பாயை உதறினார். வெயிலில் காய்ந்த அந்த வாசனைக்கு உங்களுக்கு எது நினைவு வருமோ, எனக்குச் சோறு வந்தது. ஆவி பறக்க மலையாய்க் குவிந்த சோறு. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தெற்கே எங்கள் சபைகளில் ஆண்டுக்கொரு முறை அசனம் நடக்கும். எல்லோரும் கூடிச் சமைத்து, கூடி உண்பது. இங்கே கம்பெனி வேலைக்கு வந்த நாங்கள் அதற்கு ஏங்கிக் கிடந்தோம். கன்னியம்மா என்ற உள்ளூர் அம்மாவின் மாடி அறைதான் எங்கள் ஆலயம். ஷிப்டுக்கு ஒன்றாக ஞாயிறுதோறும் மூன்று ஆராதனை; மூன்றாவதிலும் எங்கள் போதகர் ஐயாவின் குரல் கம்மாது.

அசனத்துக்கு முந்தின வாரம் பைக்கில் சிலர் வந்தார்கள். "இனிமே ஜெபம்னு சத்தம் கேட்டா ரூமைப் பூட்டிடுவோம்." போலீசுக்குப் புகாரும் போனது. சாப்பாடு போடலாம், ஜெபம் கூடாது என்று ஸ்டேஷனில் போதகரிடம் எழுதி வாங்கினார்கள். மீறினால் மாடி போய்விடும்.

கன்னியம்மா நெல் காயவைக்கும் தார்ப்பாயைக் கழுவிக் கொடுத்தார். அதை முற்றத்தில் விரித்து, வாழையிலை பரப்பிச் சோற்றைக் கொட்டினோம். பந்தி உட்கார்ந்தது. கறிக்குழம்பு ஊற்றியாயிற்று. ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை! ஐயா ஜெபிக்காமல் எங்கள் கைக்குச் சோற்றைத் தொடத் தெரியாது, அவ்வளவுதான். வாசலில், பைக்கில் வந்தவர்களில் மூன்று பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். குழம்பு வாளியோடு ஐயா தவித்தார்.

"மனசுக்குள்ள ஜெபிச்சிட்டுச் சாப்பிடுங்கப்பா, ஆறிரும்."

"நீங்க சொல்லாம எப்படிய்யா?" என்றான் எங்களில் ஒரு விளாத்திகுளத்துக்காரன்.

"இன்னாயா, சோத்த வெச்சிக்கினு சாமியாராட்டம் குந்திகினு கீறீங்க?" என்று வந்தார் கன்னியம்மா. காரணத்தைச் சொன்னோம். முந்தானையில் கையைத் துடைத்தார், வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அம்மா கங்கையம்மா! இந்தப் பசங்க வவுறு நெறையணும். மிசின்ல கையி மாட்டாம வூடு வந்து சேரணும். இந்த சர்ச்சு ஐயரும் நல்லா இருக்கணும்."

"ஆமென்!"

பந்தி முழுக்க ஒரே குரல். அதில் உரக்கக் கேட்டது ஐயாவுடையது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவர், வாளி குலுங்கச் சிரித்தார்.

வாசலில் ஒருவன் போனை இறக்கினான். "இன்னாடா, நம்ம ஆத்தாவக் கூப்ட்டா இவனுங்க ஆமென்னுறானுங்க! இத இன்னான்னு கம்ப்ளெயின்ட் குடுக்குறது?"

"வெயில்ல நின்னுகினு இன்னாத்தப் புடிக்கிற? வந்து குந்துடா" என்றார் கன்னியம்மா.

இருவர் பைக்கைக் கிளப்பினார்கள். அவன் மட்டும் செருப்பைக் கழற்றினான். நான்தான் இலை போட்டேன். நல்லி எலும்பு கேட்டு வாங்கினான், படவா.

மாடி பிழைத்தது. அடுத்த ஞாயிறே பாடினோம். பிறகு சாலை அகலமானபோது வீடே போயிற்று; கன்னியம்மா மகளோடு காஞ்சிபுரம் போனார். இப்போது எங்களுக்குச் சொந்த ஆலயம் இருக்கிறது. அசனத்துக்கு டோக்கன், கேட்டில் காவலாளி, நான்கு மூலையிலும் கேமரா. ஐயா மைக்கில் நிம்மதியாக ஜெபிக்கிறார். கோபத்தோடு வருகிற ஒருவன் உள்ளே வந்து சாப்பிட மட்டும் வழியில்லை.