அம்மா பெயரைத் தட்டினால் தம்பி வீடு திறக்கிறது

போன வியாழக்கிழமை காலை என் வீட்டு கேட்டை ஒரு அம்மா படபடவென்று தட்டினார். புனேயில் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். வருஷா வருஷம் மலையைச் சுற்ற வருவார். வந்தால் ஒரு மாதம் தங்குவார். நடுவில் சில வருஷம் மட்டும் வர முடியவில்லை. எங்கள் சந்தில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தங்கித் தங்கித் தமிழும் ஓரளவு வந்துவிட்டது.

"செல்வி எங்கே போச்சு?" என்றார். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"எங்கேயும் போகலையே. வீட்லதான் இருப்பாங்க."

"காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்கன்னு அங்கே சொன்னாங்க. ஆனா செல்வி மாடியிலே துணி காயப் போடுது. நான் பார்த்தேன். யார் பொய்?"

யார் பொய்? நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

என் எதிர் வீடு ஒரு காலத்தில் ஒரே வீடு. கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலத்தை விற்று வந்த குடும்பம், செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற எங்கள் சந்தில் மனை வாங்கி, வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட ரூம் ரூமாகக் கட்டியது. மூத்தவர் ஏழுமலை, அவர் மனைவி செல்வி. தம்பி சங்கர். அம்மா பெயரில் 'பச்சையம்மாள் இல்லம்'. ஏழுமலை ரூமைப் பார்த்துக்கொள்வார், செல்வி சமைப்பார், படித்த சங்கர் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வான். வெள்ளைக்காரர்கள் நம் ஊர்ப் பெயரை அவரவர் வாய்க்கு வந்தபடி டைப் செய்வார்கள் என்று சங்கர் மூன்று விதமாக வெப்சைட் பெயர் வாங்கினான். ஒன்று அம்மா பெயர். மற்ற இரண்டும் ஊர்ப் பெயரை வைத்து. மூன்றில் எதைத் தட்டினாலும் திறப்பது ஒரே வெப்சைட்.

அதில் தப்பே இல்லை. ஒரு வீட்டுக்கு மூன்று தெருவிலிருந்து வழி இருந்தால் நல்லதுதானே?

அம்மா போன பிறகு வழக்கமான கதை. நடுவில் சுவர் எழும்பியது. பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். போர்வெல் மோட்டாரைப் பிரித்தார்கள். வெண்கல அண்டாவைப் பிரித்தார்கள். தென்னை மரம் யார் பக்கம், அதிலிருந்து விழுகிற மட்டை யார் பக்கம் என்று அரைநாள் பேசினார்கள். வெப்சைட் பெயர்களையும் பிரித்தார்கள் — அம்மா பெயர் அண்ணனுக்கு, மற்ற இரண்டும் தம்பிக்கு. எல்லோருக்கும் திருப்தி.

அந்தப் பெயர்கள் எல்லாம் போய் நிற்கிற இடம், அந்த ஒரே வெப்சைட், யாருக்கு என்று ஒருத்தனும் கேட்கவில்லை. அண்டாவுக்கு அடித்துக்கொண்ட கூட்டம், அடுப்பை விட்டுவிட்டது. அது சங்கரிடமே இருந்தது. அவன் மேலே இருந்த அம்மா பெயரை எடுத்துவிட்டு, நெஸ்ட் என்று முடிகிற ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயரைப் போட்டான். தன் பக்கத்து ரூம்களின் போட்டோவைப் போட்டான். தன் போன் நம்பரைப் போட்டான்.

அதற்குப் பிறகு ஏழுமலை பக்கம் ஆள் வருவது கம்மியானது. பிறகு நின்றே போனது. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் ரோட்டில் நின்று கூப்பிட்டால் கூட்டம் வரும்; அது ஒரு ராத்திரிக் கூட்டம். மாதக்கணக்கில் தங்குகிறவர்கள்தான் இந்த மாதிரி வீட்டை ஓட்டுகிறவர்கள். அவர்கள் எல்லோரும் ஏழுமலை கேட்டைத் தாண்டி சங்கர் கேட்டில் ஆட்டோவை விட்டு இறங்கினார்கள்.

மனுஷன் என்ன செய்வார்? வாஸ்து பார்க்கிற ஒருத்தனைக் கூப்பிட்டார். அவன் கேட்டை இடித்துத் தள்ளி வைக்கச் சொன்னான். வைத்தார். இன்னொருத்தன் செல்வியின் ஜாதகத்தைக் கேட்டான். அதையும் கொடுத்தார். கடைசியில் முடியாமல், தன் பக்கத்தை ஒரு வெளியூர்க்காரருக்கு நீண்ட கால லீசுக்கு விட்டு, அட்வான்சும் வாங்கிவிட்டார். இந்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு, செல்வியின் அண்ணன் வீட்டுக்கு கீழ்பென்னாத்தூர் போவதாக ஏற்பாடு. மாதக் கடைசி என்பது ஞாயிற்றுக்கிழமை. புனே அம்மா என் கேட்டைத் தட்டியது வியாழக்கிழமை.

"நீங்க எப்படி புக் பண்ணீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"எப்பவும் போல. அம்மா பேர் போட்டேன்." போனைக் காட்டினார்.

நானும் என் போனில் பச்சையம்மாள் பெயரைத் தட்டினேன். சங்கரின் நெஸ்ட் திறந்தது. சங்கரின் கட்டில், சங்கரின் பால்கனி, சங்கரின் நம்பர்.

எதிர் வீட்டுக்குப் போக நான் செருப்புக்கூடப் போடவில்லை.

"வாங்கண்ணே, காபி சொல்லட்டுமா?" என்றான் சங்கர். டைல்ஸ் பதித்த புது வரவேற்பறை. ஊதுபத்தி மணம்.

"காபி இருக்கட்டும். உங்க அம்மா பேரைத் தட்டினா உன் ஓட்டல் எதுக்குப்பா தெறக்குது?"

சிரித்தான். "அது பழைய செட்டிங்குண்ணே. அப்பப் போட்டது, அப்படியே நிக்குது."

"மேல பேரை மாத்தத் தெரிஞ்சுது. போட்டோ மாத்தத் தெரிஞ்சுது. நம்பர் மாத்தத் தெரிஞ்சுது. இது ஒண்ணு மட்டும் தெரியலையா?"

"நான் இன்னாண்ணே திருடினேனா? அந்தப் பேரு அவுருகிட்டதான் கீது. வருஷா வருஷம் அவுருதான் காசு கட்றாரு. திருப்பணும்னா அவுருதான் திருப்பிக்கணும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே செஞ்சு குடுத்திருப்பேன்."

"உங்க அண்ணன் காலி பண்ணிட்டுப் போய்ட்டார்னு அந்த டீச்சரம்மாகிட்ட சொன்னது யாரு?"

அவன் கொஞ்சமும் கூசவில்லை. "மாசக் கடைசியில பண்ணத்தானேண்ணே போறாரு?"

அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. வாயால் கேட்கிற தெம்பைத்தான் வயசு எனக்கு மிச்சம் வைத்திருக்கிறது.

ஆனால் அவன் சொன்னதில் ஒரு விஷயம் சத்தியம். பெயர் ஏழுமலையுடையதுதான். வருஷம் தவறாமல் காசு கட்டி அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்தது அவர்தான். காசு கட்டிக் கட்டித் தம்பி வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

நம் ஊரில் இது புதுசா என்ன? எத்தனை ஊராட்சியில் பலகையில் தலைவர் என்று ஒரு பெண் பெயர் இருக்கிறது, போன் அடித்தால் வீட்டுக்காரன் எடுக்கிறான்? எத்தனை பொம்பளைகள் பெயரில் குழுக்கடன் இருக்கிறது, பைக் ஓட்டுவது மகன்? நிலம் அத்தை பெயரில், மகசூல் மாமன் வீட்டில். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள் — 'உன் பேர்லதானே இருக்கு, அப்புறம் என்ன?' பெயரைக் கொடுத்துவிட்டால் எல்லாம் கொடுத்த மாதிரி. அந்தப் பெயர் எங்கே போய் நிற்கிறது என்று கேட்கிறவள் சண்டைக்காரி.

சரி. சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். ஏழுமலை அட்டைப் பெட்டியில் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். நான் போனில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை நாளா ஒரு தடவகூட இதைத் தெறந்து பாக்கலையா ஏழுமலை?"

"நம்ம வூட்ட நாமளே எதுக்கு சார் தெறந்து பாக்கணும்?"



லீசை நிறுத்தச் சொன்னேன். பெயரைத் திருப்பினால் இந்த சீசனிலேயே ஆள் வரும் என்றேன். சந்தில் நாலு பேரைக் கூட்டி சங்கரை நிற்க வைத்துக் கேட்போம் என்றேன். அவர் நூல்கண்டைக் கீழே வைத்தார்.

"வேணாம் சார். வாக்கு குடுத்து அட்வான்சும் வாங்கிட்டேன். இத்த வெளிய உடாதீங்க. ஊரு இன்னா பேசும்? பச்சையம்மா திருடனப் பெத்தான்னு பேசும். அதுக்கு, ஏழுமலைக்கு ராசி இல்லன்னு பேசிட்டுப் போவட்டும்."

அப்போதுதான் உள்ளேயிருந்து செல்வி வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார்.

"அவுருக்கா ராசி இல்லன்னு பேசினாங்க? எனக்கு இல்லன்னுதான் பேசினாங்க. நான் நடந்தா வூடு விருத்தி ஆவாதுன்னு ஜாதகம் பாத்துச் சொன்னான். அத்தக் கேட்டுனு வந்து எங்கிட்டயே சொன்னீங்க. அப்ப எங்க போச்சு இந்த மானம்?"

"ஏய், சும்மா இரு. அம்மா பேரு..."

"உங்க அம்மாதான். படுக்கையில கெடந்தப்ப யாரு அள்ளிப் போட்டதுன்னு உங்க அம்மாவக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க யாருக்கு ராசின்னு."

ஏழுமலை எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நம் ஆண்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் மாடி ரொம்ப உதவி.

செல்வி என்னைப் பார்த்தார். "அந்தப் பேர அவன் வூட்லருந்து எடுக்க முடியுமாண்ணா?"

"முடியும். ஆனா லீசு நிக்காது போலிருக்கேம்மா."

"லீசுக்கு இல்லண்ணா. எடுக்கணும்."

மறுநாள் நானும் செல்வியும் வேங்கிக்கால் போனோம். அங்கே கலெக்டர் ஆபீஸ் பக்கம் நித்யா என்ற பெண் வெப்சைட் போட்டுக்கொடுக்கிற கடை வைத்திருக்கிறது. வேலை சுத்தம், பொறுமை கம்மி. எனக்குப் பிடித்த பெண். எல்லாம் கேட்டுவிட்டு, "இவ்ளோதானா? பேர அங்கருந்து கழட்டி வேற இடத்துல மாட்டணும். சின்ன வேலை சார். இதுக்கா வூட்டையே வுட்டாங்க?" என்றது.



கழற்ற ஓடிபி வேண்டும். அது ஏழுமலை போனுக்குத்தான் வரும். செல்வி போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"ஏங்க, உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அத்தச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"உங்க அம்மாவ உங்க தம்பி வூட்லருந்து இட்டுனு வர்றதுக்கு."

அந்தப் பக்கம் பெட்டி ஒன்றை நகர்த்துகிற ஓசை வந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் படிக்கிறவரைப் போல, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். கடைசி எண்ணை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

நித்யா தட்டியது. "கழட்டியாச்சு. இப்ப எங்கக்கா மாட்டணும்?"

இது நான் யோசிக்காத கேள்வி. எங்கே மாட்டுவது? வீடு இன்னும் இரண்டு நாளில் வேறொருத்தர் கையில். பெயருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இடம் இல்லை.

"சும்மா ஒரு பக்கம் போட முடியுமாம்மா? நான் சொல்றது மட்டும் அதுல இருக்கணும்," என்றார் செல்வி.

"போடலாமே. ரூம் போட்டோ ஏதாச்சும் இருக்கா?"

"ரூமே இல்ல, போட்டோ எதுக்கு?"

அவர் சொல்லச் சொல்ல நித்யா டைப் செய்தது. இரண்டே வரி. 'பச்சையம்மாள் இல்லத்தை மூடிவிட்டோம். பக்கத்து வீடு நாங்கள் இல்லை.' கீழே அதையே இங்கிலீஷிலும் போட்டது. திறந்து காட்டியபோது செல்வி திரையைத் தொட்டுப் பார்த்தார். அழவில்லை. "நல்லா கீது," என்றார். அவ்வளவுதான்.

புனே அம்மா வியாழக்கிழமையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தாண்டி செல்வியிடம் வந்துவிட்டார். மூன்று நாள் பொங்கல் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தபோது அவரும் காலி செய்தார். சங்கர் தன் கேட்டில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். வேன் டிரைவரிடம், 'பாத்து ரிவர்ஸ் எடு, எங்க சுவர்ல இடிச்சிடாத,' என்றான். அண்ணன் குடும்பம் கிளம்பும்போது அவன் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அதுவும் டிரைவரிடம்.

ஏழுமலை இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செல்வி, 'எழுதுங்கண்ணா,' என்றார். வேனில் ஏறுவதற்கு முன் இன்னொன்றும் சொன்னார் — 'யாராச்சும் எங்களுக்கு ராசி இல்லன்னு பேசினா, போன்ல அந்தப் பேரத் தட்டிக் காட்டுங்க.' நான் செல்வி கட்சி. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஊரில் தங்கும் விடுதிகளின் வெப்சைட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்பான். திறந்தால் பக்கத்து வீட்டு சிமென்ட் தொட்டி தெரியும். ஆசிரமம் நடக்கிற தூரம் என்பான். நடந்தால் நாக்குத் தள்ளும். பொய் இல்லாமல் ஒரு வெப்சைட் இப்போதுதான் வந்திருக்கிறது...

அதில் ரூம் கிடையாது.