உப்புப் போடாத கஞ்சி

இஞ்சி, பூண்டு, ரம்பை இலை... இஞ்சின் ரூமின் டீசல் நாற்றத்தையும் தள்ளிக்கொண்டு அந்த நோன்புக் கஞ்சி வாசம் வந்துவிடும். கப்பலில் எனக்கு அது முதல் நோன்பு.

கடல் தண்ணீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து நல்ல தண்ணீராக்கும் மெஷின் என் பொறுப்பு. உப்புக் கூடினால் மீட்டர் கத்தும், தண்ணீர் டாங்கிக்குப் போகாமல் வெளியே கொட்டுப்படும். சமைப்பதும் குளிப்பதும் அந்தத் தண்ணீரில்தான். குடிக்க மட்டும் போத்தல்.

சமையல் சலீம் காக்கா. சாய்ந்தமருது ஆள். கல்முனைக்காரனான எனக்கு அடுத்த வீடு மாதிரி. நோன்போடு சமைப்பார், ஒரு சொட்டும் நாக்கில் வைக்கமாட்டார். நுனிநாக்கில் பார்த்துத் துப்பலாம்தானே என்றாலும் கேட்கமாட்டார்.

"கை அளவு தெரியும் தம்பி" என்பார்.

அந்த வாரம் கறி உப்புக் கரித்தது. சோறும் கரித்தது. கப்டன் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்... ருசி பார்த்துச் சமை, இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் இறங்கு.

ஊரில் மகளுக்குக் கட்டும் வீடு அரைச்சுவரில் நிற்கிறது. காக்கா எப்படி இறங்குவார்? நோன்பைத்தான் எப்படிப் பணயம் வைப்பார்?

மீட்டரைப் பார்த்தேன். பச்சை லைட். எனக்கும் அவர் கையில்தான் சந்தேகம்.

மறுநாள் நோன்பு திறந்து, கஞ்சியில் ஒரு வாய் வைத்தேன்.

"என்ன காக்கா, இண்டைக்கும் கூடிட்டே?"

"இண்டைக்கு நான் உப்பே போடல்ல தம்பி. ஒரு கல்லும் போடல்ல. என்ட கைதான் பிழையா எண்டு பாக்கத்தான்..."

கோப்பையை வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். டாங்கித் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டதும் பால் மாதிரி வெளுத்தது. அவ்வளவும் உப்பு! மெஷினுக்குள் கேஸ்கட் கசிந்து கடல் தண்ணீர் கலந்திருக்கிறது. மீட்டரின் சென்சரில் ஊத்தை படிந்து, அதற்கு உப்பே தெரியவில்லை.

வெளுத்த தண்ணீரைக் கப்டனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அடுத்த நாள் நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்துக்கு அவர் எங்களோடு வந்திருந்து, கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். காக்கா மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

இப்போது நான் கரையில். புதுக் கப்பல்களில் எல்லாம் ஸ்கிரீனில் தெரியுமாம், தம்பிமார் சொல்கிறார்கள். நல்லதுதான்...

ஊரில் பள்ளிவாசல் கஞ்சி கரித்தால் இன்றைக்கும் எல்லாரும் சமைத்தவரைத்தான் பார்க்கிறார்கள். நான் எழும்பித் தண்ணீரைப் பார்க்கக் கிணற்றடிக்குப் போவேன்.

"இஞ்சினியர் வெளிக்கிட்டுட்டார்" என்று சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். ஒரு மனிதரின் நோன்பையே கேட்ட தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன்.