இ-இன்வோய்ஸ் கேட்ட முகம்

1. பவித்ரா கொண்டுவந்த கடிதம்

ஜித்ரா பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. அங்கே ஏணிமேல் நின்று ஏர்கோன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் இந்தத் தலைவலி ஆரம்பித்தது. அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை செய்யும் பவித்ரா கீழே வந்து நின்றாள். கையில் ஒரு கடிதம்.

"அங்கிள், கொஞ்சம் இறங்கி வாங்களேன்."

"படிச்சுச் சொல்லும்மா. கையெல்லாம் அழுக்குத் தண்ணி."

"அடுத்த மாசத்துல இருந்து எல்லா வெண்டரும் இ-இன்வோய்ஸ்தான் அனுப்பணும். கையில எழுதுன பில்லு இனிமே எடுக்க மாட்டாங்களாம்."

"அனுப்பலன்னா?"

"லிஸ்ட்ல இருந்து பேர எடுத்துருவாங்க அங்கிள். கோலாலம்பூர் ஆபிஸ்ல சொல்லிட்டாங்க. நான் என்ன செய்ய முடியும்?"

ஏணியிலிருந்து இறங்கினேன். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இ-இன்வோய்ஸ் என்றால் பில்லை நேராக வாடிக்கையாளரிடம் கொடுப்பதில்லை. வரி அலுவலகத்தின் கணினி வழியாக அனுப்பவேண்டும். அது சரிபார்த்து ஒரு நம்பரும் கட்டம் கட்டமாக ஒரு படமும் போட்டுத் திருப்பித் தரும். அப்போதுதான் அது பில். நான் முப்பது வருஷமாக பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதிய ஆள்.

நான் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. மெர்கோங்கில் வீடு, வீட்டு வாசலில் ஒரு வேன், வேனுக்குள் ஏணி, பம்பு, கேஸ் சிலிண்டர். அவ்வளவுதான் என் கம்பெனி. வீடுகளும் கடைகளும் பெருநாள் வந்தால் கூப்பிடும். மற்ற மாதங்களில் அடுப்பு எரிவது அந்தத் தொழிற்சாலையால்தான். அங்கே பேரை எடுத்துவிட்டால் வேனை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

2. வேனில் இருந்த பெயர்

என் வேனில் 'மல்லிகா ஏர்கோன் சர்விஸ்' என்று பெரிதாக எழுதியிருக்கும். மல்லிகா என் மனைவி. என் சொந்தப் பெயர் கோபால் என்பது ஜித்ராவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தமிழர்கள் "மல்லிகா அண்ணே" என்பார்கள். மலாய்க்காரர்கள் "பாங் மல்லிகா" என்பார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு நானும் திரும்பிப் பார்ப்பேன்.

சொந்தக்காரர்களின் கல்யாணங்களுக்குப் போனால் இதை வைத்து ஒரு கேலி உண்டு. "பொண்டாட்டி மேல எவ்வளவு ஆசை இருந்தா வேன்லயே எழுதி வச்சிக்கிட்டு சுத்துவாரு!" மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் சிரிப்பு தெரியும். செமிலிங்கில் இருக்கும் தன் தங்கைகளிடம் அவளே இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

உண்மை வேறு. நான் அப்போது வேறொரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். வெளி வேலை எடுக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்த ஏர்கோன் வேலை பெரிதாகிவிட்டது. பில் கேட்டார்கள். பில் போட வியாபாரத்தைப் பதியவேண்டும், என் பெயரில் பதிந்தால் வேலை போய்விடும். அதனால் மல்லிகா பெயரில் பதிந்தேன். அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஃபாரத்தில் பென்சிலால் குறி போட்ட இடத்தைக் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் வேனில் பெயரைப் பார்த்தாள். ஆசையாக வைத்தேன் என்று நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. நல்ல பேர் சும்மா கிடைக்கும்போது யார் வேண்டாம் என்பார்கள்?

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சில வருஷத்தில் அவள் அண்ணன், சிநேகிதன் ஒருவன் லாரி வாங்குவதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார். சிநேகிதன் காணாமல் போனான், அண்ணன் திவாலானார். "எந்தப் பேப்பர்லயும் என் பேர மட்டும் போட்டுறாதீங்க" என்று மல்லிகா என்னிடம் கண் கலங்கச் சொன்னாள். "சேச்சே" என்றேன். அப்போது வியாபாரம் அவள் பெயரில் பதிவாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எங்கே வாயைத் திறப்பது? தொழிற்சாலை வேலையை விட்டு முழுநேரமாக வேனோடு வந்த பிறகும் பெயரை மாற்றவில்லை. பில்லில் 'எம்' என்று சுழித்து ஒரு கையெழுத்துப் போட்டேன். வரிக் கணக்கை மல்லிகா பெயரிலேயே கணக்குப்பிள்ளை ஒருவர் பார்த்துக்கொண்டார்.

3. "கொஞ்சம் இடது பக்கம் திரும்பு"

பவித்ரா கொடுத்த கடிதத்தோடு வந்து ஃபோனில் வரி அலுவலகப் பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வர்ட் கேட்டது. கணக்குப்பிள்ளை ஓய்வு பெற்று மகன் வீட்டோடு போய்விட்டார். கூப்பிட்டால், "பாஸ்வர்டா? மூணு ஃபோன் மாத்திட்டேனேப்பா" என்றார். புதிய பாஸ்வர்ட் வேண்டுமென்றால் உரிமையாளர் முகத்தைக் காட்ட வேண்டும் என்றது ஃபோன். இத்தனை வருஷம் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். முகத்தை எப்படிப் போடுவது?

மறுநாள் காலை மல்லிகா தோசை தின்றுகொண்டிருந்தாள். ஃபோனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். இதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"என்னங்க இது, காலங்காத்தால போட்டோ?"

"சும்மாதான். புது ஃபோன்ல கேமரா எப்படி இருக்குனு பாக்கறேன். கொஞ்சம் இடது பக்கம் திரும்பு."

திரும்பினாள்.

"கண்ண ரெண்டு தடவ மூடித் தொற."

"கேமரா பாக்க நான் எதுக்குக் கண்ண மூடணும்?" ஃபோனை என் கையிலிருந்து பிடுங்கினாள். திரையில் அவள் முழுப்பெயர், ஐசி நம்பர், கீழே 'பெமிலிக்' என்று இருந்தது.

"பெமிலிக்னா முதலாளி. எதுக்கு முதலாளி?"

"அது… சும்மா ஃபாரத்துக்கு."

"எத்தன வருஷமா?"

சொன்னேன். ஆரம்பம் முதல் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோசைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணன் மாட்டிக்கிட்டப்பகூட நீங்க சொல்லல."

"பயந்துட்டேன்."

"அப்போ வேன்ல என் பேரு ஆசையா வச்சது இல்ல." ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஊரெல்லாம் சொல்லிட்டேனே" என்றாள்.

மூன்று நாள் பேச்சு இல்லை. சோறு வரும், குழம்பு வரும், ரசம்கூட வரும். அவள் மட்டும் வரமாட்டாள்.

அந்த மூன்று நாளில் ஒருநாள் நான் மட்டும் அலோர் ஸ்டார் வரி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் தூடோங் முக்காடு போட்ட இளம் அதிகாரி. என் பேப்பர்களைப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "பாக்சிக், உங்கள் வியாபாரம் சின்னது. ஆண்டு விற்பனை வரம்புக்குக் கீழே இருக்கிறது. உங்களுக்கு இது கட்டாயமே இல்லை."

எனக்கு அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போல இருந்தது. வேனை ஜித்ராவுக்கு விரட்டினேன். பவித்ராவிடம் சொன்னால் அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"தெரியும் அங்கிள். சட்டப்படி வேணாம்தான். ஆனா எங்க சிஸ்டத்துல அந்த நம்பரு இல்லாம பில்லு ஏறாது. கேட்டுப் பாத்துட்டேன் லா. விருப்பப்பட்டா நீங்களும் அனுப்பலாம்னு சட்டத்துலயே இருக்கு. அனுப்பிருங்களேன்."

"முதலாளி என்கூடப் பேசறதில்லம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

வீட்டுக்குப் போய் மல்லிகாவின் எதிரில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. "ரெண்டு வழி இருக்கு. நீ வந்து முகத்தக் காட்டினா தொழிற்சாலை வேல போகாது. வேணாம்னா இத மூடிட்டு என் பேர்ல புதுசா பதியறேன். புது வெண்டரா எழுதிப் போட்டா பல மாசம் ஆகும், அதுக்குள்ள வேற ஆளப் போட்டுருவாங்க. பரவால்ல. நீ எது சொன்னாலும் சரி."

அவள் பவித்ரா கொடுத்த கடிதத்தை எடுத்துப் படித்தாள். பிறகு கேட்டாள்: "அந்த ஆபிஸ் எத்தன மணிக்குத் தொறக்கும்?"

4. கவுண்டரில் முதலாளி

அதே அதிகாரி. நான் நாற்காலியை இழுத்து உட்காரப் போனேன். மல்லிகா அதில் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் நின்றேன்.

அவள் மலாய் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். முதல் கேள்வியே நேராக இருந்தது. "இந்த வியாபாரத்துக்காக இவர் கடன் வாங்கியிருந்தால் யாரைக் கேட்பார்கள்?"

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். "கடன் விவகாரம் என் வேலை இல்லை, மக்சிக். ஆனால் பதிவு உங்கள் பெயரில். உங்களைத்தான் கேட்பார்கள்."

"கடன் ஒண்ணும் இல்ல, மல்லிகா. வேன் தவணகூடக் கட்டி முடிச்சாச்சு" என்றேன். அவள் திரும்பவில்லை.

"வரி எதுவும் கட்டாமல் விட்டிருக்கிறதா? என் பெயரில் அபராதம் இருக்கிறதா?"

அதிகாரி தட்டினார். திரை எங்கள் பக்கம் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வியர்த்த வியர்வைக்கு அந்த அலுவலகத்து ஏர்கோன் போதவில்லை. நான் ஒழுங்காகத்தான் பணம் கொடுத்தேன். ஆனால் கணக்குப்பிள்ளை ஒரு வருஷத்தை மறந்திருந்தால்? அபராதம் இவள் தலையில் அல்லவா விழும்? அந்த நிமிஷத்தில் தொழிற்சாலை போனாலும் போகட்டும், இவள் பெயரில் ஒரு கறை இருக்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

"ஒன்றும் இல்லை, மக்சிக். எல்லா வருஷமும் தவணைக்குள் கட்டியிருக்கிறது. சுத்தமாக இருக்கிறது."

நான்கு நாளில் முதல் தடவையாக மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு வருஷம்கூட விடலயாம்" என்று எனக்கே தமிழில் சொன்னாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு பொட்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தாள். இடது பக்கம் திரும்பினாள். கண்ணை மூடித் திறந்தாள். பச்சை வட்டம் வந்தது.

"உங்களுக்குப் பதிலாக அனுப்ப ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். கணவர் பெயரைப் போட்டுவிடவா?" என்று அதிகாரி கேட்டார்.

"இப்போது வேண்டாம். முதலில் நானே அனுப்பிப் பார்க்கிறேன்" என்றாள் மல்லிகா.

5. பச்சையாக வந்தது

முதல் இ-இன்வோய்ஸைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினாள். எத்தனை யூனிட் கழுவினேன், எதற்கு கேஸ் போட்டேன் என்று நான் சொல்லச் சொல்ல, "நிதானமா சொல்லுங்க, ஓடிப்போயிடாது" என்றாள். முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டது. விலாசத்தில் மாநிலத்தை விட்டிருந்தோம். கெடா என்று சேர்த்து மறுபடி அனுப்பினாள். நம்பர் வந்தது, கட்டம் போட்ட படம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் பவித்ரா கூப்பிட்டாள். "வந்துருச்சு அங்கிள்! சிஸ்டத்துல பச்சையா நிக்குது. உங்க பேரு லிஸ்ட்லயே இருக்கும்."

"என் பேரு இல்லம்மா, ஆண்ட்டி பேரு" என்றேன். ஃபோனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தேன். இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

தனியாக வேலை எடுத்துச் செய்யும் தம்பிகள், தங்கைகள் என்னிடம் இ-இன்வோய்ஸ் பற்றிக் கேட்கிறார்கள். கஷ்டமெல்லாம் இல்லை. உங்களுக்குக் கட்டாயமா இல்லையா என்று ஊர்ப்பேச்சை நம்பாமல் கவுண்டரில் போய்க் கேளுங்கள், அங்கே யாரும் கடிக்க மாட்டார்கள். பாஸ்வர்டை அடுத்தவர் தலைக்குள் வைக்காதீர்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், உங்கள் தொழில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம்மில் நிறையப் பேர் மனைவி பெயரிலும் அக்கா பெயரிலும் பதிந்து வைத்திருக்கிறோம். அந்த ஆளுக்கு அது தெரியுமா? தெரியாதென்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்காமல் சேர்த்து வைத்து, எல்லாவற்றையும் ஒரே காலையில் வாங்கினேன்.

போன வாரம் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். மல்லிகா வாசலுக்கு வந்தாள். மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"இப்போ எனக்குத் தடை ஒண்ணும் இல்ல. மெதுவா என் பேர்ல புதுசா பதிஞ்சு, தொழிற்சாலையிலயும் எழுதிக் குடுத்து மாத்திக்கலாம். வேன்லயும் பேர அழிச்சிடலாம். உனக்கு எதுக்கு இந்தச் சுமை?"

"பேர வைக்கறப்ப என்னக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"அழிக்கறதுக்கு மட்டும் கேக்கறீங்க." சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வைக்கறதுக்குக் கேளுங்க."

அடுத்த வீட்டுக்காரர் வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் சோப்பு நுரை. இந்த வயதில், நடுவாசலில் நின்று கேட்டேன்.

"மல்லிகா, வேன்ல உன் பேர வைக்கட்டுமா?"

அவள் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வெயிலில் வெளுத்துப்போன எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வைங்க. கொஞ்சம் பெருசா வைங்க."