அறுபத்து நாலு எங்கே போயிற்று

அப்பா குவைத்தில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர் முகம் பார்த்துப் பேசுவதற்காகவே, நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, இரணியலில் எங்கள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மெமரி இருநூற்று ஐம்பத்தாறு என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டரோ நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றுதான் காட்டியது. அதைக் கவனித்தது அம்மா.

வெள்ளிக்கிழமை அவள் அதைச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடைக்காரன் ஏமாத்திட்டான். லீவுக்கு வந்து நான் கேக்கேன். நீ ஒண்ணும் தொடாண்டாம், கேட்டியா?"

அம்மா தலையாட்டினாள். ஆனால் கல்லூரியில் கணக்குப் படித்தவள் அவள். ஒரு எண் காணாமல் போனால் அவளுக்குச் சோறு இறங்காது. அட்டைப்பெட்டியின் அடியில் கிடந்த ஆங்கிலப் புத்தகத்தைத் தேடியெடுத்து, மீன்குழம்பு கொதிக்கும் நேரமெல்லாம் வாசித்தாள். மூன்றாம் நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நான் சுவிச்சு போட்டதும் நீ டெலீட்ட அமுக்கிட்டே இரு மக்கா."

அமுக்கினேன். கம்ப்யூட்டரின் உள்ளமைப்பை மாற்றுவதற்கான திரை நீல நிறத்தில் வந்தது. அங்கே மவுஸ் ஓடவில்லை, அம்புக்குறி பொத்தான்கள்தான். அம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துக்கொண்டே போனாள். ஒரு வரியில் விரல் நின்றது. படம் காட்டுவதற்கென்று ஒதுக்கிய மெமரி: அறுபத்து நாலு.

"இங்கயில்லா இருக்கு!" என்று கத்தியேவிட்டாள். யாரும் ஏமாற்றவில்லை, திரைதான் தன் பங்கை எடுத்துக்கொண்டிருந்தது. அதை எட்டாகக் குறைத்தாள். மாற்றத்தைச் சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டபோது மட்டும் அவள் விரல் தயங்கியது.

"கெட்டுப் போச்சுன்னா?" என்றேன்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். திரை இருண்டது. பிறகு கம்ப்யூட்டர் மெல்ல எழுந்து, இருநூற்று நாற்பத்தெட்டு என்றது. அம்மா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா விசாரித்தார்.

"ஒரு மெக்கானிக் வந்து சரியாக்கிட்டுப் போனாரு," என்றாள் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் மேசைக்கடியில் அவள் கால் என் காலை மிதித்தது.

"ஆளு கெட்டிக்காரனா?"

"நல்ல கெட்டிக்காரன்."

திரையின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள் அம்மாவின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லிவிட்டு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யை அவள் சொல்வாளா, இல்லை பக்கத்தில் இருந்த நான் சொல்ல வேண்டுமா என்பதே அப்போது என் கவலையாக இருந்தது.